தண்ணீர் வாங்கிக்கொள்ளும் பாரம்

அமெரிக்க தேசத்தின் மேற்குப் பகுதியில், வறண்ட குன்றுகளுக்கு நடுவே அணைகட்டித் தேக்கிய ஓர் ஏரியின் கரையில், வயதான தம்பதியர் தங்கள் சிறிய பாய்மரப் படகை ஜலத்தில் இறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்ததை ஒரு சனிக்கிழமைக் காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை பார்த்தேன் என்று சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கை கொடுக்கட்டுமா என்று நான் கேட்டபோது, அந்தப் பெரியவர், இது பலத்தினால் ஆகிற காரியம் அல்லவென்றும், தண்ணீர்தான் செய்யவேண்டுமென்றும் புன்னகையோடு சொல்லிவிட்டபடியால், எனக்கு வேறு வேலை இல்லாமற் போயிற்று. அவர் சொன்னது எவ்வளவு கண்டிப்பான சாஸ்திர உண்மை என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

படகு கேடலினா 22 என்னும் வகையைச் சேர்ந்தது. 1969-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிராங்க் பட்லர் என்பவர் வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய இந்தப் படகுகள் இதுவரை பதினைந்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றன; காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், எந்த ஏரியில் இஷ்டமோ அந்த ஏரியில் இறக்கிப் பாய் விரிக்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. நீளம் இருபத்தோரடிக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 1,000 கிலோ. படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் பாகத்தை நம் கடற்கரையார் ஏரா என்பார்கள். இந்தப் படகில் அந்த ஏராவின் ஸ்தானத்தில் கால் டன் எடையுள்ள வார்ப்பிரும்புத் தகடு ஒன்று கீலில் தொங்குகிறது. நடு ஏரிக்குப் போனதும் அதைக் கீழே இறக்கிவிட்டால் படகு ஐந்தடி ஆழம் வரை கால் நீட்டும். கரைக்கு வரும்போது மடக்கி மேலே தூக்கிக்கொண்டால் இரண்டடி ஆழமே போதும். படகுக்கு மிதக்க எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த அளவை, இக்கட்டுரையின் வசதிக்காக, அமிழ்வாழம் என்று வைத்துக்கொள்வோம்.

படகை ஏற்றி வந்த இரு சக்கர இழுவண்டியை, எல்லோரும் சொல்லுகிற மாதிரி, டிரெய்லர் என்றே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் சிமெண்டுத் தளம் ஒன்று மெல்லச் சரிந்து நீருக்குள் போகிறது. அந்தச் சாய்தளத்தின் வழியாக டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால், ஓரிடத்தில் படகு தானாகவே மிதந்து டிரெய்லரை விட்டுப் பிரியும். பிறகு வெறும் டிரெய்லரைக் கார் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். இவ்வளவுதான் காரியம்.

ஆனால் அன்று அது அவ்வாறு நடக்கவில்லை. அந்த அம்மாள் காரை மெதுவாகப் பின்னால் ஓட்டிவர, பெரியவர் முழங்காலுக்கு மேல் நனைந்தபடி படகின் பின்புறத்தில் நின்றுகொண்டு, கையால் சைகை காட்டிக்கொண்டே வந்தார். காரின் பின்சக்கரங்கள் நீரின் விளிம்பைத் தொட்டன. இனி ஓரடி போனால் புகைக்குழாய் நனையும் என்ற நிலையில் கார் நின்றது. பெரியவர் நின்ற இடத்தில் ஆழம் நன்றாக இரண்டடி இருக்கும். படகின் அமிழ்வாழமும் இரண்டடிதான். ஆயினும் அந்தப் படகு, கல்லில் செதுக்கிய நந்தியைப் போல, டிரெய்லரின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஒரு நூலளவுகூட நகரவில்லை. இரண்டடி போதும் என்ற படகுக்கு இரண்டடி ஜலம் கொடுத்தும் அது ஏன் மிதக்கவில்லை?

புதிரின் முதல் முடிச்சு எளிதில் அவிழ்ந்துவிடும். ஏராவின் அடிப்பாகம் தரையில் இல்லை; டிரெய்லரின் சட்டத்தின் மேல், தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில் இருக்கிறது. முக்காலியின் மேல் நிற்கிறவனுக்கு இடுப்பளவு வெள்ளம் வரவேண்டுமானால், அவன் பக்கத்தில் தரையில் நிற்கிறவனுக்கு மார்பு முழுகிவிட வேண்டுமல்லவா? ஆகவே தேவையான ஆழம் இரண்டடி அன்று, மூன்றடி. பெரியவருக்கு இது தெரியாமல் இல்லை. அவரை ஏமாற்றியது ஆழமன்று, சரிவு.

நான் பார்த்த சாய்தளம் மிகவும் மந்தமான சரிவுள்ளது; நூறடி தூரம் போனால் எட்டடிதான் இறங்கும். அமெரிக்காவில் படகு இறக்கும் சாய்தளங்களை நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை சரிவாகக் கட்டுவதே வழக்கம். காரின் பின்சக்கரத்திலிருந்து டிரெய்லரின் அச்சு வரையுள்ள தூரத்தை இருபதடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் வேடிக்கையான ஓர் உண்மை தெரிகிறது. நூற்றுக்குப் பதினைந்து சரிவில், காரின் பின்சக்கரம் நீரின் விளிம்பில் நிற்கும்போதே டிரெய்லரின் அச்சு மூன்றடி ஆழத்துக்குப் போய்விடுகிறது. படகு மிதக்கிறது, காரும் நனையவில்லை, எல்லோரும் சந்தோஷமாகப் போய்விடலாம். நூற்றுக்கு எட்டுச் சரிவிலோ, அதே இருபதடிக்கு ஒன்றரை அடிக்குச் சற்று மேலான ஆழமே கிடைக்கிறது. மூன்றடி வேண்டுமானால் முப்பத்தேழு, முப்பத்தெட்டடி போகவேண்டும். பற்றாக்குறை ஆழத்தில் ஒன்றரை அடிதான். ஆனால் தூரத்தில் அது பதினெட்டடி. மந்தமான சரிவு ஈட்டிக்காரன் வட்டியைப் போன்றது: செங்குத்தில் ஒரு காசு கடன் வாங்கினால் படுக்கையில் பன்னிரண்டு காசு கட்டச் சொல்கிறது.

இனி இரண்டாவது முடிச்சு; இதுதான் எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது. மூன்றடி வேண்டிய இடத்தில் ஏறத்தாழ இரண்டடி இருந்ததே, அப்படியானால் படகின் பாரத்தில் பாதியோ, மூன்றில் இரண்டு பங்கோ நீர் தாங்கியிருக்க வேண்டாமா? பாக்கிப் பாரத்தை ஒரு மனிதன் தோள் கொடுத்து நகர்த்திவிட முடியாதா? முடியாது என்பதைத்தான் கண்ணால் பார்த்தோம். காரணம், நீர் பாரத்தை வாங்கிக்கொள்வது ஆழத்தை அனுசரித்து அன்று, அமிழ்ந்த பருமனை அனுசரித்து. கிணற்றடியில் தவலையையோ குடத்தையோ தொட்டித் தண்ணீருக்குள் கவிழாமல் நேரே அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குறுகலான அடிப்பாகம் முழுகும் வரையில் கை ஒன்றும் அறியாது. வயிறு வந்து நீரைத் தொட்டதுமே குடம் கையை எதிர்த்துத் தள்ளத் தொடங்கும். படகும் அப்படியே. கீழே இருப்பது மெல்லிய இரும்பு ஏரா. கால் டன் இரும்பு முழுதும் முழுகினாலும் அது இழப்பது தன் எடையில் ஏழில் ஒரு பங்குதான். முப்பத்தைந்து கிலோ சுமாருக்கு நீர் தாங்கினால் அதிகம். ஆயிரம் கிலோவுக்கு முன்னால் அது எம்மாத்திரம்! படகின் அகன்ற வயிறு நீரைத் தொட்ட பிறகே உண்மையான வியாபாரம் ஆரம்பமாகிறது.

அந்த வியாபாரம் எவ்வளவு மும்முரமானது என்பதையும் ஒரு மதிப்புக் கணக்கால் பார்த்துவிடலாம். மிதக்கும் நிலையில் இப்படகு நீரின் மேல் அடைத்துக்கொள்ளும் பரப்பு எட்டுச் சதுர மீட்டர் என்று கொண்டால், அதன் பிறகு அமிழும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நீர் சுமார் 200 கிலோ பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. நூற்றுக்கு எட்டுச் சரிவில் ஓர் அங்குல ஆழம் சம்பாதிக்க டிரெய்லர் ஓரடி பின்னால் போகவேண்டும். ஆகவே டிரெய்லர் ஓரடி நகர்ந்தால் இருநூறு கிலோ! வயிற்றின் கீழ்ப்பாகம் குறுகல். அதனால் ஆரம்பத்தில் கொடுக்கல் வாங்கல் சற்று மந்தமாக இருக்கும். எனினும் மொத்தத்தில், முதல் முப்பதடிப் பிரயாணத்தில் ஒன்றுமே நடக்காதது போலிருந்து, கடைசி ஏழெட்டடிக்குள் ஒரு டன் பாரமும் சக்கரத்திடமிருந்து தண்ணீரிடம் கைமாறிவிடுகிறது. பெரியவர் தோள் கொடுத்துத் தள்ளியது அந்தக் கைமாற்றம் தொடங்குவதற்கு முன்னால். பதினெட்டடி கழித்துத் தள்ளியிருந்தால் சுண்டுவிரல் போதும்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டால், எல்லோரும் ஆர்க்கிமிடீஸைச் சொல்லிவிடுவார்கள், சொல்லவேண்டியதுதான். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரத்தில் இருந்த அந்த மேதை, மிதக்கும் பொருள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் கிரேக்க மூலம் மறைந்துபோய், 1906-இல் கான்ஸ்டாண்டினோபிளில், பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றின் எழுத்துகளுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது என்பது தனிக்கதை. ஆனால் சாய்தளத்தில் நிற்கும் படகுக்கு என் மனத்தில் பொருத்தமான குலகுரு அவர் அல்லர். சைமன் ஸ்டெவின் என்பவரே. 1548-இல் புரூஜ் நகரத்தில் பிறந்து, ஹாலந்தில் வாழ்ந்த இவர், 1586-ஆம் வருஷத்தில் சாய்தளத்தின் தத்துவத்தையும், நீரின் தத்துவத்தையும் சேர்த்தாற்போல வெளியிட்டார். அதோடு நில்லாமல், சக்கரங்களின் மேல் பாய்மரம் நாட்டிய வண்டி ஒன்றைச் செய்து, மோரிஸ் இளவரசரையும் அவருடைய விருந்தினரையும் அதில் ஏற்றிக் கடற்கரை மணலில் காற்றின் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். சக்கரத்தையும் பாயையும் ஒன்றாகப் பார்த்த முதல் மனிதர்களுள் ஒருவர் என்று அவரைச் சொன்னால் தவறில்லை.

சாய்தளத்தைப் பற்றி அவர் செய்த நிரூபணத்தில் அளவுகோலும் இல்லை, தராசும் இல்லை. ஒரு பக்கம் நீண்டும், மறுபக்கம் அதில் பாதி நீளமாயும் உள்ள முக்கோணக் கட்டை ஒன்றை நிறுத்தி, பதினான்கு சம எடைக் குண்டுகளைக் கோத்த ஜபமாலை போன்ற ஒன்றை அதன் மேல் போட்டதாகக் கற்பித்துக்கொண்டார். நீண்ட சரிவில் நான்கு குண்டுகள், குட்டைச் சரிவில் இரண்டு, பாக்கி எட்டும் அடியில் தொங்குகின்றன. நான்கு குண்டு உள்ள பக்கம் கனமென்று மாலை அந்தப் பக்கம் சரிந்தால் என்ன ஆகும்? ஒரு குண்டு இறங்கும். மறுபக்கம் ஒன்று ஏறும். மாலையின் உருவம் முன்போலவே இருக்கும். ஆகவே மறுபடியும் சரிய வேண்டும், மறுபடியும், யாரும் இழுக்காமலே யுகமுடிவு வரையில் அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அது நடவாத காரியம். எனவே மாலை அசையாது. அசையாதென்றால், நீண்ட சரிவில் உள்ள நான்கும் குட்டைச் சரிவில் உள்ள இரண்டும் சமபலமாக இழுக்கின்றன என்றாயிற்று. சரிவு எவ்வளவு மந்தமோ, பாரம் கீழே இழுக்கும் இழுப்பும் அவ்வளவு குறைவு. படகும் டிரெய்லருமாக 1,400 கிலோ என்றால், நூற்றுக்கு எட்டுச் சரிவில் அவை காரைக் கீழ்நோக்கி இழுப்பது 112 கிலோ அளவுக்குத்தான். நூற்றுக்குப் பதினைந்தில் 210 கிலோ. பாசி படர்ந்த சிமெண்டில் காரின் சக்கரம் வழுக்காமல் மேலேறவேண்டுமே என்று கவலைப்படுகிறவருக்கு மந்தச் சரிவு மித்திரன். படகை மிதக்கவிட வேண்டுமே என்று நிற்பவருக்கு அதுவே சத்துரு. பன்னிரண்டிலிருந்து பதினைந்து என்ற வழக்கம் இவ்விருவருக்கும் இடையே ஏற்பட்ட ராஜியே அன்றி வேறில்லை.

நீரைப் பற்றியும் ஸ்டெவின் அதே உபாயத்தைத்தான் கையாண்டார். படகை எடுத்துவிட்டு, படகு விலக்கிய இடத்தை நீராலேயே நிரப்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர், சுற்றியுள்ள நீரோடு நீராகச் சும்மா நிற்கும். கீழே போனால் அதன் இடத்துக்கு வரும் வேறு நீரும் கீழே போகவேண்டும். அப்படியானால் ஏரி ஓயாமல் தானே கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது பிரத்தியட்சம். ஆகையால் சுற்றியுள்ள நீர் அந்த நீரின் எடையைச் சரியாகத் தாங்குகிறது. தாங்குகிற நீருக்கு, உள்ளே இருப்பது நீரா, படகா என்பது தெரியுமா? உருவம் ஒன்றாக இருக்கும் வரை அதே பலத்தோடுதான் தாங்கும். மாலையும் சுற்றாது, ஏரியும் கலங்காது என்ற ஒரே சாதாரண அனுபவத்திலிருந்து இரண்டு பெரிய தத்துவங்களைக் கறந்தெடுத்த இந்த யுக்தியை நினைத்தால், இன்றைய பெரிய பெரிய ஆய்வுச் சாலைகளைக் கண்டுகூட எனக்கு இவ்வளவு மரியாதை உண்டாவதில்லை.

இதுவரை படகின் பாரம் முழுவதும் ஒரே சமயத்தில் கைமாறுவது போலப் பேசிவந்தேன். அது உண்மையன்று. சாய்தளத்தில் நிற்கும் படகு தலை தூக்கி நிற்கிறது; அணியம் எனப்படும் முன்தலை கரைப் பக்கமாக உயர்ந்தும், பின்புறம் தாழ்ந்தும் இருப்பதால், நீர் முதலில் பின்புறத்தையே தூக்குகிறது. கட்டிலை ஒருவர் கால்மாட்டில் பிடித்துத் தூக்கினால், தலைமாட்டுக் கால்கள் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டு நிற்பது போல, பின்புறம் மிதக்கத் தொடங்கிய பிறகும் அணியம் டிரெய்லரின் முனையிலுள்ள ரப்பர் உருளையின் மேல் தலைசாய்த்துப் படுத்திருக்கும். படகு இப்போது பாதி தரைப்பிராணி, பாதி நீர்ப்பிராணி. படகுக்காரர்கள் பயப்படவேண்டியது இந்தச் சந்தியைத்தான். காற்று பக்கவாட்டில் அடித்தால், மிதக்கும் பின்புறம் அணியத்தை முளையாகக் கொண்டு சுழன்று, பக்கத்திலுள்ள மேடையில் மோதும்.

சுழல்வது போகட்டும், சாயுமா? இதற்கு விடை தேடுவதில் மனிதருக்கு நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. முற்றுகைப் போரில் உயர்ந்த ஏணிகளைப் படகில் நாட்டி, அவற்றில் போர்வீரர் ஏறினால் படகு கவிழுமா என்று ஆராய்ந்த ஸ்டெவின், படகின் பாரமெல்லாம் குவிந்ததாகக் கொள்ளும் புள்ளியான பளுமையம், நீரின் தாங்கல் குவியும் புள்ளியான மிதப்புமையத்துக்குக் கீழே இருந்தால்தான் கவிழாது என்று முடிவு செய்தார். அவர் சறுக்கிய இடம் இது. அவர் சொன்னபடி பார்த்தால் உலகத்தில் ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை கவிழ்ந்திருக்க வேண்டும். பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போன பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் பூகேர், 1746-இல் வெளியிட்ட கப்பல் நூலில் இதைத் திருத்தினார். அவர் கண்ட சூட்சுமத்தை நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கொண்டு விளக்கிவிடலாம். பொம்மையைச் சாய்த்தால், உருண்டையான அதன் அடி தரையைத் தொடுகிற இடம் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. தாங்குகிற இடம் பாரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டால், பொம்மை தானே நிமிர்கிறது. படகு சாயும்போதும் அப்படியே, சாய்ந்த பக்கம் அதிகமாக அமிழ்வதால், நீர் தாங்கும் இடம் அந்தப் பக்கமாக நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. நகர்வதுதான் ரகசியம்.

இப்போது பாதி மிதக்கும் படகைப் பாருங்கள். பாரத்தில் ஒரு பங்கை நீர் தாங்குகிறது, அது நகர்ந்துகொடுக்கும். இன்னொரு பங்கை ரப்பர் உருளை தாங்குகிறது, அது நகராது. நகர்ந்து நிமிர்த்தும் தாங்கலின் பங்கு குறைந்துபோவதால், முழுதும் மிதக்கும் படகைவிடப் பாதி மிதக்கும் படகுக்கு நிமிரும் சக்தி குறைவு. அடியில் கால் டன் இரும்பு தொங்கும் கேடலினாவுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பெரிய கப்பல்களைக் கட்டுமானத் தளத்திலிருந்து வழுக்கி இறக்கும்போது, பின்புறம் மிதக்கத் தொடங்கும் அந்தக் கணத்தைக் கணக்கிடாமல் யாரும் கட்டையைத் தட்டமாட்டார்கள். நீரில் நிமிர்ந்து நிற்கும் சக்தியை முன்கூட்டிக் கணக்கிடாவிட்டால் என்ன நேரும் என்பதை 1883-ஆம் வருஷம் ஜூலை 3-ஆம் தேதி கிளாஸ்கோ நகரத்துக் கிளைடு நதியில் டாஃப்னி என்னும் கப்பல் காட்டியது. உள்ளே தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை நீரில் இறக்கினார்கள். இறங்கிய வேகம் அடங்குவதற்குள் அது கவிழ்ந்தது. 124 பேர் மாண்டார்கள். நிமிரும் சக்தியைக் கணக்கிடாமல் கப்பலை இறக்குவது எத்தகைய குற்றம் என்பதை அந்த நதி உணர்த்திற்று.

ஆரம்பத்தில் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து வந்து சேர்ந்ததும் அவர்கள் உடனே நீரில் இறங்கவில்லை. அந்த அம்மாள் டிரெய்லரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல, சக்கரத்தின் நடுக்குடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஃபிளாஸ்கைத் திறந்து இருவரும் காப்பி குடித்தார்கள். கால் மணி கழித்து மறுபடியும் புறங்கை; மறுபடியும் காப்பி. மூன்றாவது தரம்தான் சரி என்று எழுந்தார். இதென்ன சடங்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை; பிற்பாடு யோசித்ததில் புரிந்தது. சூடான பாத்திரத்தை மூடிவைத்து ஆறவிட்டால் மூடி கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறதல்லவா? உள்ளேயிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. வெகுதூரம் ஓடிவந்த சக்கரத்தின் குடத்துக்குள்ளும் சூடான காற்று அடைபட்டிருக்கிறது. எழுபது டிகிரிச் சூட்டில் இருக்கும் அதை இருபது டிகிரி நீரில் திடீரென்று முக்கினால், உள்ளேயுள்ள காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துபோகும். அந்தக் குறையை நிரப்ப, ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியே ஏரித் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். பேரிங்கிலுள்ள கிரீஸ் நீர் கலந்து பால்போல வெளுத்துவிடும். சில மாதத்தில் துரு. நடுச்சாலையில் சக்கரம் கழன்று போகிற கதைகளில் பல, இப்படி அவசரப்பட்டு இறக்கிய ஏதோ ஒரு காலையில்தான் ஆரம்பமாகின்றன. சிலர் வில் வைத்த கிரீஸ் மூடியைப் பொருத்தி, உள்ளே எப்போதும் சிறிது அழுத்தம் இருக்கும்படி செய்துவிடுவார்கள். காப்பி அதைவிட மலிவு.

சாய்தளம் மந்தமாகிப் போவதற்குக் கட்டியவர்கள் மட்டும் காரணமல்லர். சில இடங்களில் ஏரியே விலகிப் போய்விடுகிறது. கொலராடோ நதியின் குறுக்கே ஹூவர் அணை கட்டியதால் உண்டான மீட் ஏரி, 1983-இல் கடல்மட்டத்துக்கு மேல் 1,225 அடி வரையில் நிரம்பி வழிந்தது. 2022 ஜூலையில் ஏறத்தாழ 1,040 அடிக்கு இறங்கிவிட்டது. வித்தியாசம் 185 அடி. நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவுள்ள சாய்தளம் ஒன்று அந்த நீரைத் துரத்திக்கொண்டு போவதானால், அது ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் நீளவேண்டும். இயற்கையான கரைச் சரிவு அவ்வளவுகூட இராதாகையால் உண்மையில் இன்னும் அதிகம். சாய்தளங்களை நீட்டி நீட்டிப் பார்த்து, முடியாமல் பலவற்றை ஒவ்வொன்றாக மூடினார்கள். பாறைகளின் மேல், ஸ்நானத் தொட்டியில் படிந்த உப்புக்கறை போல, முன்பு நீர் நின்ற உயரம் வரையில் வெள்ளைப் பட்டை மட்டும் தெரிகிறது.

நீர் இறங்கினால் இன்னொரு வம்பும் சேர்ந்துகொள்கிறது. சிமெண்டுத் தளம் நீருக்கடியில் எங்கோ முடிகிறது. விசைப்படகுக்காரர்கள் டிரெய்லரில் ஏற்றும்போது எஞ்சினை முடுக்கி, சுழல்விசிறியின் வேகத்தாலேயே படகை மேலே தள்ளிக்கொள்வது வழக்கம்; அந்த விசிறி பின்னால் பீய்ச்சும் நீர், தளம் முடிகிற இடத்திலுள்ள மணலை வாரிக் குழி பறித்துவிடுகிறது. நீர் நிறைந்திருக்கும்போது அந்தக் குழி எங்கேயோ ஆழத்தில் கிடக்கும். வற்றியபோது, பின்னோக்கிப் போகும் டிரெய்லரின் சக்கரம் நேரே அதில் விழுந்து, சிமெண்டு விளிம்பில் அச்சு மாட்டிக்கொள்ளும். பெரியவர் தண்ணீரில் இறங்கி நின்றதற்கு உண்மையான காரணம் இதுவே. அவர் படகைத் தள்ளுவதைவிட அதிக நேரம், கையிலிருந்த துடுப்பின் கட்டையால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டக், டக் என்ற இடம் சிமெண்டு. சொத் என்றால் சேறு.

இன்னும் இருபத்தைந்தடிக்கு டக் என்றே கேட்டது. கரைக்கு வந்தார். அம்மாள் டிரெய்லரின் சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தார். டிரெய்லரின் மூக்கில் சின்னச் சக்கரம் ஒன்று மடித்து வைத்திருந்தது. அதைக் கீழே இறக்கித் தரையில் ஊன்றினார்கள். பெருவிரல் கனமுள்ள கயிற்றின் ஒரு முனையை டிரெய்லரிலும், மறுமுனையைக் காரின் இழுகொக்கியிலும் கட்டி, இடையில் இருபதடி தளர்வு விட்டார்கள். பிறகுதான் காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றினார்கள். கார் இருபதடி மேலே போய்க் கயிற்றின் தளர்வு முழுவதையும் உண்டது. கயிறு விறைத்ததும் கட்டைகளை உதைத்து நீக்கினார்கள். 112 கிலோ இழுப்பு எப்படியிருக்கும் என்பதை அந்தக் கயிறு ஒருதரம் முனகிக் காட்டிற்று. அம்மாள் காரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட, டிரெய்லர் மட்டும் தனியாக ஏரிக்குள் நடந்துபோயிற்று. அது போகப் போக ஸ்டெவினின் கயிற்று இழுப்பும் தளர்ந்தது. பாரத்தை நீர் வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது போலும்.

பெரியவர் இடுப்பளவு நீரில் நின்று, படகின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். தள்ளவில்லை, சும்மா வைத்திருந்தார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்புறம், தூங்குகிறவர் மூச்சு விடுவது போல, மெள்ள ஒருதரம் எழுந்து தணிந்தது. கார் இன்னும் இரண்டடி வந்தது. அணியத்திலிருந்த ரப்பர் உருளை கிறீச்சென்று ஒருமுறை திரும்பி, அடங்கியது. அவர் கையை எடுத்து உயர்த்திக் காட்டவும் கார் நின்றது. அணியத்தில் கட்டியிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு அவர் மேடையின் ஓரமாக நடக்க, ஒரு டன் எடையுள்ள படகு, கன்றுக்குட்டி போல அவர் பின்னால் போயிற்று.